காப்பிப் பொடியில் ஒரு கணக்கு

சேலம் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வந்து, "பீபெர்ரியில் கால் கிலோ, நூற்றுக்கு இருபது சிக்கரி, பில்டருக்கு அரையுங்கள்" என்கிறார். அடுத்தவருக்குப் பிளாண்டேஷன் ஏ வேண்டும். சிக்கரி கூடவே கூடாது. பத்து நிமிடத்தில் இருவரும் தத்தம் பொடியைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெருமளவில் பொருள் செய்யவேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் அவர் கேட்டபடியே தரவும் வேண்டும். பெரிய தொழிற்சாலைகளைத் திணறவைக்கும் இந்தச் சிக்கலைக் காப்பிக் கடைக்காரர் எப்படிச் சமாளிக்கிறார்?

முதலில் எண்ணிப் பார்ப்போம். பீபெர்ரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா எனக் கொட்டையில் மூன்று வகை. சிக்கரி இல்லாமல், 20 விழுக்காடு, 40 விழுக்காடு என மூன்று அளவு. (சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.) அரைப்பது கொரகொரப்பாக, நடுத்தரமாக, நைசாக என மூன்று விதம். 3 × 3 × 3 = 27 வகைப் பொடிகள்! ஆனால் கடையின் பின்கட்டில் இருப்பவை நான்கே வகை மூட்டைகள். பலவற்றுக்கும் பொதுவான சில அடிப்படைப் பொருள்களை மட்டும் இருப்பு வைத்து, வேறுபடுத்தும் வேலையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவதே கடைக்காரரின் உத்தி. வண்ணப்பூச்சுக் கடையில் வெள்ளைப் பூச்சில் நிறம் கலந்து தருவதும் இதுதான். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் சாயமேற்றாமலே கம்பளிச் சட்டைகளைப் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்தபின் சாயத்தில் தோய்த்தது.

ஆனால் காப்பியைத் தள்ளிப்போடச் சொல்வது கடைக்காரர் மட்டுமல்ல, இயற்பியலும்தான். 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றை அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள்களாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 14-இல் ஒரு பங்காகிறது. துகள்களின் எண்ணிக்கை 14 × 14 × 14 = 2744. மொத்தப் பரப்போ 14 மடங்கு. அவ்வளவு பரப்பிலும் ஆக்சிஜன் படுகிறது. மணம் தரும் பொருள்கள் ஆவியாகி ஓடுகின்றன. பச்சைக்கொட்டை உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டை சில வாரம் தாங்கும். பொடியின் மணம் சில நாளிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

இனி கடையிலிருந்து மலைக்கு ஏறுவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இங்கு விளைவது பெரும்பாலும் அராபிகா. கோடைமழையில் பூத்தால், பழம் பறிக்க நவம்பர் பிறந்துவிடும். பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, மேலுறையோடு பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே உறை நீங்கிச் சல்லடையில் தரம் பிரிகிறது. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்திருந்தால் அதுதான் பீபெர்ரி!

பூவிலிருந்து மூட்டை வரை எட்டொன்பது மாதம். வாடிக்கையாளர் காத்திருப்பதோ பத்து நிமிடம். ஆகவே இந்தச் சங்கிலியில் ஓரிடத்தில் கோடு கிழிக்கவேண்டும். கோட்டுக்கு முன்னால் நடப்பதெல்லாம் ஊகத்தால். பின்னால் நடப்பது ஆர்டரால். காப்பிக் கடையில் அந்தக் கோடு அரைக்கும் இயந்திரத்துக்குச் சற்று முன்னே விழுகிறது.

இதனால் என்ன லாபம்? ஒரே கொட்டையிலிருந்து 9 வகைப் பொடி என்போம். ஒவ்வொன்றும் நாளுக்குச் சராசரி 10 கிலோ விற்கிறது. திட்ட விலக்கம் 4 கிலோ. (சிக்கரியின் எடையை இங்கே விட்டுவிடுவோம்.) ஒன்பதையும் தனித்தனியே அரைத்து வைத்தால், ஏற்ற இறக்கத்துக்காகக் கூடுதலாக 9 × 4 = 36 கிலோ வைக்கவேண்டும். கொட்டையாகவே வைத்தால், ஒரு வகையின் ஏற்றத்தை இன்னொன்றின் இறக்கம் ஈடுசெய்கிறது. அப்போது 9-இன் வர்க்கமூலமாகிய 3-ஐ 4-ஆல் பெருக்கினால் போதும்: 12 கிலோ. வாயு மூலக்கூறுகளின் தாறுமாறான ஓட்டத்திலும் இதே வர்க்கமூலம் தலைகாட்டும் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஒன்றை மறக்கவேண்டாம். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சாராதபோதுதான் இந்தக் கணக்குச் செல்லும். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லா வகையும் சேர்ந்தே ஏறும். அப்போது ஈடுசெய்ய எதுவும் இராது, மூட்டைகள்தாம் வேண்டும்.

மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. முன்பு அவர் விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கலந்தது; 1990-களின் நடுப்பகுதியிலிருந்து முழுவதையும் தாமே விற்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பத்து வகைப் பொட்டலம் கட்டிவைத்தால், மழைக்காலத்தில் ஆளில்லாமல் பொடி மணமிழந்து முதல் முடங்கும். மேலுறையோடு கொட்டையை வைத்துக்கொண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்தால் அந்த நட்டம் குறையும். ஆனால் அவரால் தள்ளிப்போடவே முடியாத தீர்மானம் ஒன்று உண்டு: எந்த ரகக் கன்றை நடுவது என்பது. நட்டபின் முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு ஆண்டு ஆகும்.