ஒரு பெரிய மென்பொருளைப் பகுத்த விதம்

அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையலறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடுகும் சீரகமும் மிளகும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால், தாளிக்கக் கொஞ்சம் கடுகு வேண்டுமென்றாலும் அனைத்தையும் முறத்தில் கொட்டியல்லவா தேட வேண்டும்! பலர் கூடி எழுதும் திறந்த மூல மென்பொருளிலும் இத்தொல்லை உண்டு. ‘எக்ஸ் விண்டோ சிஸ்டம்’ என்பதன் வரலாற்றைக் கொண்டு இதனை நாம் அறிந்துகொள்வோம்.

யூனிக்ஸ் கணிப்பொறிகளின் திரையில் சன்னல்களைக் காட்டுவதற்காக, 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது இம்மென்பொருள். 1987-இல் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. எக்ஸ்11 என்ற பெயர் அதனால் வந்ததே.

மனிதர் எழுதிய மூலநிரலைக் கணிப்பொறி இயக்கும் வடிவிற்கு மாற்றுவதைக் ‘கட்டுதல்’ என்பர். கட்டியதைப் பிறர் நிறுவிக்கொள்ள ஏற்றவாறு அனுப்புவது ‘பொதியாக்கம்’. எக்ஸின் மூலநிரல் நெடுங்காலம் ஒரே பெரு மரமாக நின்றது. ‘ஐமேக்’ என்னும் கருவி அதனை முழுவதுமாகக் கட்டியது. ஒரு வரைகலை அட்டைக்குரிய டிரைவரில் பிழை இருந்து, அதை ஒருவர் திருத்திவிட்டார் எனக் கொள்வோம். அத்திருத்தம் முறையாக வெளிவர, மரம் முழுவதற்குமான அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும். உதவ முன்வரும் புதியவரோ, சிறு வேலைக்கும் மரம் முழுவதையும் சுமக்க வேண்டும். எத்தனை பேர் மலைத்துத் திரும்பியிருப்பர்!

2005 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரே மூலநிரலிலிருந்து இரு வெளியீடுகள் வந்தன. 6.9 பழைய ஒற்றை மரம். 7.0 நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மாறத் தயங்கியவர்க்கும் வழி விட்ட இம்முறை மிக விவேகமானது என்பது நம் கருத்து.

பிரித்தால் மட்டும் போதுமா? எது எதைச் சார்ந்தது என்று தெரிய வேண்டும். முதலில் நெறிமுறைத் தலைப்புக் கோப்புகள், பின் நிரல் நூலகங்கள், அடுத்து சர்வர், அதன்மேல் டிரைவர்கள் என்று கட்டும் வரிசை அமைந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி வெளியீட்டு எண் தரப்பட்டது. “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் எண் இது” எனப் பிற பகுதிகளுக்கு அறிவிக்கும் சிறு கோப்பை நூலகங்கள் வைத்திருந்தன. ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்னும் கருவி அதைப் படித்துச் சொல்லியது. இனி டிரைவர் திருத்தம் தனியே வெளிவரலாம். அனைத்தையும் சேர்த்து எண்ணிட்ட வெளியீடு 2012-இல் வந்த 7.7-உடன் நின்றது.

ஆனால் பகுப்பிலும் அளவு உண்டு. நெறிமுறைக் கோப்புகளைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்திருந்தனர். சில கோப்புகளே கொண்ட அவற்றை, வேண்டுவோர் பெரும்பாலும் சேர்த்தே வாங்கினர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண்ணிட்டு வெளியிடுவது வீண் சுமையாயிற்று. எனவே 2018-இல் அவை ‘எக்ஸ்ஆர்க்புரோட்டோ’ என்ற ஒரே பொதியாக மீண்டும் இணைக்கப்பட்டன. நிரல் நூலகங்களோ தனித்தனியாகவே விடப்பட்டன.