மல்லாட்டையும் காட்டுப்பன்றியும்

மாணவர்களே, விருத்தாசலம் வட்டாரத்துக் கொல்லைகளில் விளையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்ணுக்குள் காய்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயைக் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்துவிடும். அதன் மூக்கு நுனியில் சிறு எலும்பு ஒன்று உண்டு, மூக்கே மண்வெட்டி! சினைக்காலமோ ஏறத்தாழ 4 மாதமே; ஓர் ஈற்றில் பல குட்டிகள்.

வேட்டையாடிவிடலாமே என்கிறீர்களா? உரிமம் பெற்று வேட்டையாடும் வழியை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. பயிரிட்டவர் பாடு? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. காட்டில் அது சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை ஆயிற்றே! அடுத்து 3 கி.மீ. வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் சுடலாம், ஆனால் வனத்துறையினர் மட்டும். உழவரோ மனுக் கொடுத்துவிட்டு, இரவில் தகரம் தட்டிக் காவல் இருக்க வேண்டியதுதான்.