மூப்பும் கட்டணமும்

நோயும் மூப்பும் மக்கட்கெல்லாம் பொதுவாம். நோயுற்றார்க்கு மருத்துவம் வேண்டும். மூத்துத் தளர்ந்தார்க்கோ, குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் உணவூட்டவும் பிறர் கை வேண்டும். முன்னதை விலையின்றி அளித்து, பின்னதற்குக் கட்டணம் பெறும் நாடு இங்கிலாந்து. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று, அக்கட்டணம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள், அந்நாட்டில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. மருத்துவம் கட்டணமின்றிக் கிடைத்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை ஒழித்து, ஆதரவு வேண்டும் முதியோர்க்கு உறைவிடம் அளிக்கும் கடமையை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்புவித்தது. ஆனால், அங்கு வசிப்போர் தத்தம் சக்திக்கேற்பப் பணம் செலுத்தவேண்டும் எனவும் விதித்தது. அன்று இட்ட எல்லைக்கோடு இன்னும் அழிந்திலது.

இப்பொழுது வழங்குவது 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமாகும். இதன்படி, ஸ்தல ஸ்தாபனத்தார் ஒருவருக்கு வேண்டும் உதவி யாதென முதலில் ஆராய்வர்; பின்னர் அவர்தம் பொருள்நிலையைக் கணிப்பர். ஆஸ்தி 23,250 பவுனுக்கு மேற்படின், முதியோர் இல்லச் செலவு முழுவதும் அவரையே சாரும். 14,250 பவுனுக்கு மேற்படாதாயின், ஆஸ்தியை விடுத்து வருமானத்தை மட்டும் நோக்குவர். இடைப்பட்டார்க்கு, மிகையான ஒவ்வொரு 250 பவுனுக்கும் வாரம் ஒரு பவுன் வருமானமாகக் கொள்ளப்படும். சான்றாக, 16,250 பவுன் சேமிப்புடைய மூதாட்டி ஒருவருக்கு மிகை 2,000 பவுன். ஆகவே வாரம் 8 பவுன் அவர் வருமானத்தோடு கூட்டப்படும். 2010-இல் வகுத்த இவ்வெல்லைகள் 2025-இலும் மாறாதிருந்தன. விலைவாசி ஏற ஏற, சிறுபொருளுடையாரும் செல்வராக எண்ணப்படலாயினர்.

இனி, குடியிருக்கும் வீட்டைப் பற்றிய விதி கருதத்தக்கது. தம் இல்லத்திலேயே உதவி பெறுவோர்க்கு அவ்வீடு கணக்கில் வாராது. முதியோர் இல்லத்தில் நிலையாகப் புகுந்தார்க்கோ, முதற் பன்னிரண்டு வாரங்கட்குப்பின் அது ஆஸ்தியாக எண்ணப்படும். ஆயினும், கணவனோ மனைவியோ, அறுபது வயதடைந்த உறவினரோ அங்கு வாழ்வாராயின் விலக்குண்டு. உடனே விற்க விரும்பாதார், வீட்டை ஈடாக வைத்துக் கட்டணத்தைப் பிற்காலத்திற்குத் தள்ளிவைக்கலாம். கட்டணத்திற்கு அஞ்சி வீட்டை மக்கட்கு எழுதி வைப்பினும், அஃது அவரிடமே இருப்பதாகக் கணிக்க ஸ்தாபனத்தார்க்கு அதிகாரம் உண்டு.

இதனால் எழும் குறை யாது? புற்றுநோயுற்றவர் மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றார். நினைவழிந்து பல்லாண்டு பராமரிப்பில் இருப்பவரோ தம் வாழ்நாள் ஈட்டத்தை இழக்கின்றார். ஒருவர் தம் ஆயுளில் செலுத்தும் தொகைக்கு 35,000 பவுன் அளவில் உச்சவரம்பு வேண்டுமென 2011-இல் டில்நாட் குழு கூறிற்று. 2021-இல் அரசாங்கம் 86,000 பவுன் என வரம்பு அறிவித்தது. 2024-இல் அதுவும் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்திலோ 2002 முதல் முதியோரின் உடற்பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை.

வீடுடையார் வீட்டைக் காக்க, வீடற்ற தொழிலாளி வரி செலுத்துவது முறையோ என வினவுவாரும் உளர். அவ்வினாவும் புறக்கணிக்கற்பாலதன்று. எனினும், யாருக்கு எப்பிணி வருமென யாரும் அறியார். அறியவொண்ணாத அவ்விடரை ஒருவர்மேற் சுமத்துவதோ, அனைவரும் பகிர்ந்து தாங்குவதோ தக்கது என்பதே அந்நாட்டார் முன் நிற்கும் வினா. மூப்பு எந்நாட்டார்க்கும் வருவதாகலின், நாமும் அதனை நடுநின்று ஆராய்தல் நன்று.