ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு கிடைக்க…

ஆராதனை முடிந்து வந்ததும் அடுப்படி, துவைக்கிற துணி, சாயங்காலம் இன்னொரு கூட்டம். திங்கள் காலை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதா?

1. சனிக்கிழமை மாலையே இஞ்சி, பூண்டு அரைத்து, சேலை, சட்டைகளை இஸ்திரி போட்டு வையுங்கள். காலைப் பரபரப்பு பாதியாகும்.

2. கறிக்குழம்பு வைத்தால் அதோடு நிறுத்துங்கள். ரசம், கூட்டு வேண்டாம். பாத்திரங்களை அப்பாவும் பிள்ளைகளும் கழுவட்டும். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரிக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு கொடுக்கிறது. அம்மாவை மட்டும் அடுப்படியில் நிற்கவிடுவது என்ன நியாயம்?

3. 2 மணி முதல் 4 மணி வரை போனை அணைத்து பீரோவில் வையுங்கள். கையில் இருந்தால் தூக்கம் வராது.

4. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபம் என எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். ஒன்றை ஏற்று, மற்றதை ஆயரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஊழியம் செய்த சீடர்களை, இளைப்பாற வரும்படி இயேசுவே தனியிடத்துக்கு அழைத்தார் (மாற்கு 6:31). அதனால் குற்றவுணர்வு வேண்டாம்.

5. நர்ஸ், போலீஸ் என ஞாயிறும் டூட்டி உள்ளவர்கள், வேறொரு அரைநாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். குறித்து வைக்காத ஓய்வு தள்ளிக்கொண்டே போகும்.