கிணற்றடிக்குப் போகும் கற்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

கொல்லைப்புறத்தில் கிணற்றடிவரை கல் பதிக்க ஆசைப்படுவதாகவும், மேஸ்திரியோ நேராக ஒரு சிமெண்ட் பாதை இழுத்துவிடலாம் என்று அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருந்தாய். அவருக்குப் பதில் சொல்லுமுன் ஜப்பானியரின் தேநீர்த் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

அங்கே தேநீர் விருந்துக்கென்றே சிறு குடில் கட்டுவார்கள். வாசலிலிருந்து குடிலுக்குப் போகும் தோட்டவழிக்கு ரோஜி என்று பெயர். சென் நோ ரிக்யூ (1522–1591) என்ற தேநீர் ஆசானின் காலத்தில் அது செம்மைப்பட்டது. அதற்குப் பெரிய இடம் தேவையில்லை. உங்கள் கொல்லையே போதும். ஆனால் விருந்தாளி அதை விறுவிறுவென்று கடந்துவிட முடியாது.

காரணம், கால் வைக்கும் கற்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரிசை வளைந்து வளைந்து போகும். அடுத்த கல் எங்கே என்று பார்க்காமல் கால் எடுக்க முடியாது. செல்போனை நோண்டிக்கொண்டு அதில் நடந்து பாரேன், இரண்டாவது கல்லிலேயே போன் பைக்குள் போய்விடும். இடையில் ஓரிடத்தில் அகலமான கல் ஒன்று வரும். இரண்டு காலையும் ஊன்றி அங்கேதான் நிமிர முடியும். நிமிர்ந்தால் எதிரே ஒரு மரமோ கல்விளக்கோ நிற்கும். நீ எங்கே குனியவேண்டும், எங்கே தலைதூக்கவேண்டும் என்பதைக் கல் வைத்தவன் அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். இந்தக் கற்களில் ஆறு பங்கு நடைக்கு, நான்கு பங்கு அழகுக்கு என்பது ரிக்யூவின் கணக்காம். அவருடைய சீடர் ஃபுருதா ஒரிபே அதை அப்படியே திருப்பிப் போட்டார் என்பார்கள். என் ஓட்டு குருவுக்குத்தான்.

வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், கறுப்புக் கயிறு கட்டிய சின்னக் கல் ஒன்றை வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தம். குழந்தைகூடத் தாண்டிவிடும் உயரம்தான். ஆனாலும் விருந்தாளிகள் தாண்டுவதில்லை. நாமோ ஆளுயரப் பலகை எழுதி வைத்தும் தாண்டுகிறோம்!

குடிலை நெருங்கினால் தாழ்வான கல்தொட்டி. குந்தி உட்கார்ந்துதான் கையையும் வாயையும் கழுவ முடியும். பிறகு குடிலின் நுழைவாயில். அதன் உயரம் சுமார் 66 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் சாமுராய் வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. பணிவைப் பற்றி யாரும் அவனுக்குப் பிரசங்கம் செய்யவேண்டியிருக்கவில்லை. கல்லும் கதவுமே உடம்பை வளைத்துவிடுகின்றன. மனத்தை அடக்கு, கவனமாக இரு என்று வாயால் சொல்லும் உபதேசத்தைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மெதுவாக நடந்தாலே கவனம் வந்துவிடும் என்றும் நினைத்துவிடாதே. அதே ஜப்பானின் ஜென் பௌத்த மடங்களில் தியான அமர்வுகளுக்கு நடுவே நடை உண்டு. சோட்டோ மரபினர் ஒரு மூச்சுக்குப் பாதி அடிதான் வைப்பார்கள். ரின்சாய் மரபினர் வேகமாக நடப்பார்கள். இரண்டும் தியானம்தான். அடி எடுக்கும்போது அடியிலேயே இருக்கிறாயா என்பதே கேள்வி.

இனி உன் கிணற்றடிக்கு வருகிறேன். வாங்கிய கற்களைப் பதிக்காமல் தரையில் சும்மா பரப்பு. நீயே தண்ணீர்க் குடத்தோடு நடந்து பார். கால் தயங்கும் இடத்தில் கல்லை நகர்த்து. வழவழப்பான கல் வேண்டாம், ஐப்பசி மழையில் பாசி பிடித்தால் ஆளைத் தள்ளிவிடும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கட்டும், ஆட்டம் கொடுக்காது. வேப்பமரம் தெரியும் இடத்தில் ஒரு பெரிய கல்லைப் போடு. ஆனால் அப்பத்தா நடக்கிற பக்கம் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். அங்கே மேஸ்திரி சொல்வதுதான் சரி, சமதளமாகவே போட்டுவிடட்டும்.

மற்ற பக்கத்துக்கு மட்டும், கலவை குழைக்குமுன் ஒரு வாரம் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
மாமா