வேடமும் மெய்யும்

மேடைமீது தோன்றும் கூத்தன் ஒருநாள் மன்னனாக வருவான். மறுநாள் மறவனாக வருவான். கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த அளவிலே அவன் குரல் உயரும். நடை மிடுக்குப் பெறும். பகலில் நால்வர் முன் நின்று பேச நாணும் ஒருவன், இரவில் வேடம் புனைந்து ஊரார் அனைவர் நடுவிலும் அஞ்சாது முழங்குவதுண்டு. புறத்தே பூணும் கோலம் அகத்தையும் மாற்ற வல்லது என்பது இதனால் புலப்படும் அன்றோ?

இக்காலத்தில் வேடம் புனைவதற்கு அரங்கும் அரிதாரமும் வேண்டா. கணினியும் இணையமும் அமையும். பல நாட்டு மக்களும் இருந்த இடத்திலிருந்தே ஒருங்கு கூடும் கற்பனை உலகங்கள் இணையத்தில் உள்ளன. அவற்றை மெய்ந்நிகர் உலகங்கள் என்பர். அவற்றுள் புகுவோர் தமக்கென ஓர் உருவத்தையும் பெயரையும் தெரிந்துகொள்வர். அவ்வுருவத்தின் வாயிலாக நடப்பர், ஓடுவர், போர் புரிவர், எழுத்தாலும் குரலாலும் பிறரோடு அளவளாவுவர். அவ்வுருவத்தைக் குறிக்க மேலைநாட்டினர் ஆளும் 'அவதார்' என்னும் சொல், நாம் நன்கறிந்த 'அவதாரம்' என்பதன் திரிபே ஆகும்.

இங்ஙனம் பூண்ட உருவம், பூண்டவரின் உள்ளத்தை மாற்றுமா? அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் சிலர்க்கு நெடிய உருவமும் சிலர்க்குக் குறுகிய உருவமும் அளித்து, பணத்தைப் பங்கிடுமாறு பணித்தனர். நெடிய உருவம் பெற்றோர் தமக்கு மிகுதியான பங்கினைத் துணிந்து கேட்டனர். குறுகிய உருவம் பெற்றோர் நேர்மையற்ற பங்கீட்டுக்கும் எளிதில் இசைந்தனர். வேண்டியவாறெல்லாம் உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால், இதற்குப் 'புரோட்டியஸ் விளைவு' என்று அவர்கள் பெயரிட்டனர்.

வேடம் தரும் துணிவு எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்ளற்க. முகமும் பெயரும் மறைந்திருக்குமிடத்து மாந்தர்தம் தயக்கம் தளர்கின்றது என்று ஜான் சூலர் என்னும் உளநூலறிஞர் 2004-ஆம் ஆண்டில் விளக்கினார். தயக்கம் தளரவே, கூச்சமுடைய ஒருவன் தன் மனத்துயரைத் திறந்து கூறி ஆறுதல் பெறுகின்றான். மற்றொருவனோ, நேரில் சொல்ல நாவெழாத வசைமொழிகளை அள்ளி வீசுகின்றான். கதவு ஒன்றே, அதன் வழியே வெளிப்படுவது விளக்கொளியோ கரும்புகையோ என்பது உள்ளிருப்பதைப் பொறுத்தது.

நார்வே நாட்டில் 1989-இல் பிறந்த மாட்ஸ் ஸ்டீன் என்பாரின் வாழ்க்கை இங்கு எண்ணத்தக்கது. கொடிய தசைச் சிதைவு நோய் அவரை இளமையிலேயே சக்கர நாற்காலியில் இருத்தியது. விரல்களை மட்டுமே ஓரளவு அசைக்க இயன்ற நிலையிலும், அவர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில் இபெலின் என்னும் திண்தோள் வீரனாக உலவினார். நண்பர்களின் துயரைச் செவிமடுத்தார், தேற்றினார். நெதர்லாந்தில் ஒரு சிறுமியின் கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டபோது, அவள் உள்ளம் உணருமாறு அப்பெற்றோர்க்கு மடல் வரைந்தார். ஆயினும், தம் நோயை நெடுநாள் மறைத்தே வைத்தார். பின்னர் அதனைத் தம் வலைப்பதிவில் எழுதினார். உண்மை அறிந்தும் நண்பர்கள் அவரை விட்டு நீங்கினாரல்லர்.

மாட்ஸ் 2014-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், தம் 25-ஆம் அகவையில் மறைந்தார். நட்பின் சுவையறியாது மகன் மறைந்தானே என்று பெற்றோர் வருந்தினர். அவர் மறைவை அவ்வலைப்பதிவில் அவர்கள் அறிவித்ததும், பல நாடுகளிலிருந்து இரங்கல் மடல்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் உடனிருந்தோர் சிலர் இறுதிச் சடங்கிற்கும் வந்தனர். தாம் அறியாத மகனைப் பெற்றோர் அன்றுதான் அறிந்தனர்.

மாணவர்களே! இபெலினின் தோள்வலி விளையாட்டை ஆக்கினோர் தந்தது. அவன் மொழிந்த அன்புரையோ மாட்ஸுக்கே உரியது. வேடத்தில் நம்முடையது எது, இரவல் எது என்று பகுத்தறிதல் வேண்டும். மாட்ஸுக்கு விளையாட்டுத் திடலின் வாயில் அடைபட்டிருந்தது. நமக்கோ வகுப்பறையும் திடலும் திறந்தே கிடக்கின்றன. ஆதலின், திரைக்குப் பின்னே பழகிய துணிவை நாளை வகுப்பில் எழுந்து ஒரு வினாக் கேட்பதில் காட்டுங்கள். பிறரும் வேடம் பூண்டிருக்கக் கூடும் என்பதை மறவாது, முன்பின் அறியாதார்க்கு உங்கள் இல்லத்துச் செய்திகளை உரையாதீர்கள். திரையில் ஒரு சொல்லை எழுதுமுன், 'இதனை என் பெயரோடும் முகத்தோடும் சொல்வேனா?' என்று உங்கள் நெஞ்சையே கேளுங்கள். அவ்வாறு சொல்லத் தகும் சொல்லே உங்கள் சொல். அதனால் வரும் துணிவே வேடம் கலைந்த பின்னும் நிலைக்கும்.