குறி தவறும்போது: கைத்துப்பாக்கி பழகும் இளையவருக்கு ஒரு கடிதம்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் ஆரத்தில் 8 மில்லிமீட்டர் விரியும். ஏழாம் வட்டம் வரை கறுப்பு. அதன் விட்டம் 59.5 மில்லிமீட்டர். தூத்துக்குடியில் பிஸ்டல் பழகத் தொடங்கும் ஒருவருக்குக் கறுப்புக்குள் சுடுவது ஓரளவு கைவந்த பிறகு, ஏதோ ஒரு நாளில் பெல்லட்டுகள் வெள்ளையில் சிதறத் தொடங்கும். அன்று கை முதலில் போவது பின் சைட்டின் திருகுக்குத்தான். அதைத் தொடக் கூடாது. காரணம் தெரியாமல் திருகைத் திருப்பினால் பழைய பிழையோடு புதிய பிழையும் சேர்ந்துகொள்ளும்; பிறகு எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது.

ஒற்றைத் துளையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சைட்டைத் தொடாமல் பத்து முறை சுட்டு, துளைகளின் கூட்டம், அதாவது குரூப், எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவை விட்டு விலகியிருந்தாலும் துளைகள் நெருக்கமாக இருந்தால் அது நல்ல செய்தி: சுடுபவர் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் தோளின் அயர்ச்சியையும், பக்கவாட்டில் நீண்டால் நிற்கும் நிலையையும் கிரிப்பையும் முதலில் சந்தேகிக்கலாம். எல்லாப் பக்கமும் சிதறினால் பெரும்பாலும் கண் தவறான இடத்தைப் பார்க்கிறது. இன்ன இடத்தில் விழுந்தால் இன்ன தவறு என்று காட்டும் வட்டப் படங்கள் உண்டு. அவை வலக்கையால், ஒற்றைக் கையில் சுடுபவரை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. இடக்கைக்காரர் அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் படிக்க வேண்டும். அவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் துப்பாகக் கொள்வது நல்லது.

கண்ணின் தவறுதான் மிகப் பெரியது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்க, கை முழுவதும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். பத்து பத்தாகவே இருக்கும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்து ஏழாகிவிடும். ஆகவே கை ஆடுவதைக் கண்டு பதற வேண்டாம். தேர்ந்தவர் கையும் ஆடத்தான் செய்யும். முன் சைட்டின் மேல் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும், அதன் இரு புறமும் சமமான ஒளி இருக்க வேண்டும், இலக்கின் கறுப்பு மங்கலாகத் தெரிய வேண்டும். கறுப்பு தெளிவாகத் தெரிகிறது என்றால் கண் முன் சைட்டை விட்டுவிட்டது.

அடுத்தது விரல். ஏர் பிஸ்டலின் ட்ரிகர் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அந்த 500 கிராமை விரல் ஒரே சீராக, நேர் பின்னால் இழுத்துச் சேர்க்க வேண்டும். 'இப்போது' என்று மனம் சொல்லும் கணத்தில் மொத்தமாக இழுத்தால் மணிக்கட்டும் கூடவே அசையும். வலக்கைக்காரரின் துளைகள் கீழே இடப்புறம் விழும். இதற்கு மருந்து வெற்றுச் சுடுதல். பிஸ்டல் காலி என்று உறுதி செய்து, அதற்கென உள்ள அமைப்பில் வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி ட்ரிகரை இழுக்க வேண்டும். குறி வைக்க எதுவும் இல்லாதபோது முன் சைட்டின் துள்ளல் மறைய முடியாமல் வெளிப்பட்டுவிடும். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுச் சுடுதளத்துக்கு வரும் காவலர்களைப் போல வெடிமருந்துத் தோட்டாவைச் சுடுபவருக்கு உதைப்பை எதிர்பார்த்துக் கையைத் தாழ்த்தும் பழக்கமும் சேரும். பயிற்சியாளர் மேற்பார்வையில் போலித் தோட்டாவை இடையிடையே கலந்து வைத்தால், வெடிக்காத அந்த முறையில் குழல் கீழே குத்துவதைச் சுடுபவரே பார்த்துக்கொள்வார். ஏர் பிஸ்டலில் பெல்லட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர்தான்; அது குழலை விட்டு வெளியேறும் முன் கை அசைந்தாலும் குறி தவறும். ஆகவே சுட்ட பிறகும் ஓரிரு நொடி முன் சைட்டிலேயே கண் நிற்க வேண்டும்.

நிற்கும் நிலையைச் சோதிப்பது எளிது. கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பார்த்தால் பிஸ்டல் இலக்குக்கு இடமாகவோ வலமாகவோ இருக்கலாம். அப்போது கையைத் திருப்பாமல் பின்காலை நகர்த்த வேண்டும்.

அடுத்தது மூச்சு. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனாலும் சங்குக்குளிப்பு தெரிந்த கடற்கரை இது. குளியாளி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவார். பிஸ்டலுக்கு அது ஆகாது: நிறைந்த நெஞ்சு தோளை மேலே தள்ளும். மூச்சைப் பாதி விட்டு, இயல்பாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஆறு முதல் பத்து நொடிக்குள் சுட வேண்டும். அதற்குள் ட்ரிகர் விழவில்லையென்றால் கையை இறக்கிவிட வேண்டும். இளையவருக்கு இதுதான் கடினம். இறக்கத் தெரிந்தவரே முன்னேறுகிறார்.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல்களும் உண்டு. வியர்வை கிரிப்பை வழுக்கச் செய்யும். ஒவ்வொரு தொடருக்கும் இடையே கையைத் துடைப்பது அவசியம். திறந்தவெளியில் 25 மீட்டர் சுடும்போது தென்மேற்குக் காற்று தோட்டாவைத் தள்ளுவதைவிட நீட்டிய கையைத்தான் அதிகம் தள்ளும். ஓயும் இடைவெளிக்குக் காத்திருக்கலாம். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் முன் சைட்டின் ஒரு விளிம்பு மின்னும், கண் அந்த விளிம்பை நடுவாக எடுத்துக்கொள்ளும். சைட்டைக் கரி பூசிக் கறுப்பாக்குவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. உப்புக்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். வீடு திரும்பியதும் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுவது அன்றன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குரூப் இறுகவில்லையென்றால்தான் பிஸ்டலைப் பார்க்க வேண்டும். பழுது மெய்யாகவே நேரும். டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, நேரம் போய், 575 புள்ளிகளுடன் அவர் 12-ஆம் இடத்தில் நின்றார். 2024-இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். சைட்டின் திருகும் கிரிப்பின் திருகும் தளர்ந்திருக்கின்றனவா, உருளையில் காற்றழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் பெல்லட் தாழும். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று பெல்லட்டின் தலை அளவு மாறும்; பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து வாங்கலாம்.

இரண்டு, மூன்று தொடரிலும் நெருக்கமான குரூப் ஒரே இடத்தில் விலகி விழுந்தால் அப்போது திருகைத் தொடலாம். துளைகள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட் நகர வேண்டும்: கீழே விழுந்தால் மேலே, இடப்புறம் விழுந்தால் வலப்புறம். குரூப்பின் நடுவை அளந்து, திருகை எத்தனை கிளிக் திருப்பினோம் என்பதை அன்றைய வெளிச்சத்தோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த பத்தைச் சுடலாம்.